தனி அடுப்புக்குச் சாட்சி

ரேஷன் கார்டு வாங்க அலைந்த கதையை நான் எடுத்தாலே என் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அத்தனை தடவை கேட்டாயிற்று. ஆனால் அவர்களிடம் நான் சொன்னது பாதிக் கதைதான். வெயில், கியூ, நாளைக்கு வா என்று விரட்டிய கிளார்க், கடைசியில் கைக்கு வந்த கார்டு. மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை.

எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒரு முடுக்குக்குள், குறுகலான சந்தில், எங்கள் ஓட்டு வீடு. மதுரைக்கு மேற்கே இருந்த நிலத்தை விற்றுவிட்டு வந்து என் மாமனார் கட்டியது. முன்கட்டில் என் கணவரின் அண்ணன் குடும்பம், பின்கட்டில் நாங்கள். மாமியார் இருந்தவரை எல்லோருக்கும் ஒரே அடுப்பு. அவர் போன பிறகு ஒருநாள், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய் முடிந்தது. மறுநாளே நான் பின்கட்டில் ஒரு மண் அடுப்பைப் போட்டுக்கொண்டேன். வெட்டுக்குத்து ஒன்றும் இல்லை. என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகும் அக்கா என்னிடம் பேசத்தான் செய்தாள். "தண்ணி வந்துருச்சு", "பால்காரன் நிக்கிறான்" என்கிற அளவுக்குப் பேச்சு.

அடுப்பு இரண்டானாலும் கார்டு ஒன்றுதான். அது அக்காவின் பீரோவில் இருக்கும். அரிசி, சீனி, சீமெண்ணெய் எல்லாவற்றையும் அக்கா வாங்கி வந்து, எங்கள் பங்கை அளந்து கொடுப்பாள். குறைத்து அளந்தாள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எங்களுக்குப் படியைத் தலை தட்டாமல்தான் போடுவாள். ஆனால் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்கட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் தலை சீவிக் கொண்டை போட்டு முடிக்கிறவரை நிற்க வேண்டும். அந்த நிற்பு எனக்கு ஆகவில்லை. பிறவியிலேயே எனக்கு ரோஷம் அதிகம், சோற்றுக்குத்தான் குறைச்சல்.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஆனால் என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். லாக்கவுட். அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போய் மில் கேட்டில் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருவார். என்ன ஆச்சு என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். வெளிக்கடை அரிசியைத் தொட முடியாது, ரேஷன் அரிசி வந்தால்தான் வீட்டில் உலை. அந்த நேரம் பார்த்து அக்கா தன் தம்பி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு சோழவந்தான் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போனாள். பீரோ பூட்டிக் கிடந்தது. ரேஷன் கடைக்கு லோடு வந்து, ஊரே வாங்கி, 'அரிசி இல்லை' என்று பலகையும் எழுதி மாட்டியாயிற்று. என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. அந்த வாரம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தேன். சின்னவன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கப்புறம் சோறாம்மா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் ஒரு அடி போட்டிருப்பேன், அவன் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டான். தனிக் கார்டு வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

தீர்மானிப்பதற்கு என்ன, யாரும் தீர்மானிக்கலாம். மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, வீட்டுத் தீர்வை ரசீதோடு தாலுகா ஆபீசில் கொடுத்தேன். கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பேரெல்லாம் பழைய கார்டுல இருக்கேம்மா. அதுல இருந்து நீக்கணும்."

"நீக்குங்க சார்."

"தனியாச் சமைக்கிறீங்கன்னு விசாரிச்சாத்தான் நீக்க முடியும். இன்ஸ்பெக்டர் வந்து உங்க அடுப்பைப் பாப்பாரு."

"எப்ப வருவாரு?"

"வருவாரு. நீங்க வீட்லயே இருங்க."

வீட்டிலேயே இருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கப் போனால், "வீட்ல இல்லாம இங்க வந்து நின்னா அவரு யாரைப் பாப்பாரு?" என்று அதே கிளார்க் கேட்டார். திரும்பி வந்து இருந்தேன். அப்போதும் வரவில்லை. பஸ்ஸில் போனால் கட்டாது என்று நடந்தே போவேன். போனால் நாற்காலி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஆள் இருந்தால் ஃபைல் இருக்காது. ஃபைல் இருந்தால் ஆபீசர் கேம்ப் போயிருப்பார். வராந்தாவில் என்னைப் போல் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒத்தக்கடையிலிருந்து வரும் ஒரு அம்மா, "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான், தாயி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அலுத்துப்போய்ச் சொல்வாரே தவிர, கோபப்பட்டுச் சொல்ல மாட்டார். எனக்கும் கோபமெல்லாம் முதல் மாதத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெறும் கால்வலிதான்.

எங்கள் முடுக்கில் எனக்கு முன்னால் கார்டு வாங்கிய கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் தின்றுகொண்டு, இரண்டு கார்டு வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் அடுத்த வீட்டு மண் அடுப்பைத் தூக்கி வந்து வைத்து, நாலு சுள்ளியைப் போட்டுப் புகைய விடுவார்கள். ஒரே அடுப்பு மூன்று வீட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நமக்கென்ன, நம் அடுப்பு நிஜ அடுப்பு, எப்போது வந்தாலும் எரியும் என்று தைரியமாக இருந்தேன்.

அவர் வந்த அன்றைக்கு அது எரியவில்லை.

முடுக்கின் கடைசி வீட்டில், ஆரப்பாளையத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்த பெரியவர் முதல் நாள் காலையில் இறந்துபோனார். மகன் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்று ஐஸ் கட்டி வாங்கி வைத்துவிட்டார்கள். முடுக்குக்குள் பிணம் கிடந்தால் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பெரியவர்கள் பட்டினி கிடந்துவிடலாம், பிள்ளைகள் என்ன செய்யும்? முதல் நாள் ரொட்டியும் டீயும் வாங்கிக் கொடுத்து ஓட்டினோம். மறுநாள் மத்தியானம், இரண்டு தெரு தள்ளி இருந்த அக்காவின் தங்கை ஒரு பெரிய சட்டி நிறையப் புளிச்சோறு கிண்டிக் கொடுத்துவிட்டாள்.

அக்கா சட்டியை முன்கட்டு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய பிள்ளைகள் மூன்றும் சுற்றி உட்கார்ந்தன. என் பிள்ளைகள் நடைவாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தன.

"அங்க என்ன அம்மா மூஞ்சியப் பாக்குறீக? பெரியம்மாகிட்ட வாங்க," என்றாள் அக்கா.

ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டன. அக்கா உருட்டி உருட்டி ஐந்து பேர் கையிலும் வைத்தாள். என் சின்னவனுக்குக் கடலை பொறுக்கிக் கொடுத்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீயும் கையை நீட்டு. அம்புட்டும் பிள்ளைகளே தின்னுறப்போகுது," என்றாள். நீட்டினேன். அவளுடைய வாசலில் போய்ச் சட்டியை நீட்டக் கூசிய அதே கைதான். அன்றைக்குக் கூசவில்லை. அந்தப் புளிச்சோறு மாதிரி ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை என்றே சொல்வேன்.

வாயில் சோறு இருக்கும்போது வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஃபைல். இத்தனை மாதம் எந்த மனிதருக்காகக் காத்துக் கிடந்தேனோ அவரேதான். சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எத்தனை அடுப்பைப் பார்த்தாரோ.

"தனிச் சமையல்னு மனு போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்று புறங்கையால் வாயைத் துடைத்தேன்.

அவர் சட்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பின்கட்டுக்கு வந்து என் அடுப்பைப் பார்த்துவிட்டு, குனிந்து சாம்பலைத் தொட்டார்.

"குளுந்துபோய்க் கெடக்கு. ரெண்டு நாளா எரியல போல."

"முடுக்குல எழவு சார். எடுக்கிற வரைக்கும் பத்த வைக்க மாட்டோம்."

"தெரியும்மா. எங்க ஊர்லயும் அப்படித்தான்." அவர் குரலில் கடுமை இல்லை. "ஆனா நான் போற வீட்டுல எல்லாம் ஒரு காரணம் வச்சிருக்காக. ஒண்ணு செய்யுங்க. ரெண்டு சுள்ளியப் போட்டுப் பத்த வைங்க. எரியுறதப் பாத்தேன்னு எழுதிட்டுப் போயிறேன்."

தீப்பெட்டி மாடத்தில்தான் இருந்தது. கடைசி வீட்டுக் கொட்டுச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவர் உயிரோடு இருந்தபோது என் மகளைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார். பற்றவைக்க எனக்கு மனசு வரவில்லை. "முடியாது சார்" என்றேன். கார்டு கைநழுவுகிறது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அப்போதும் முழுதாகக் கெட்டுப்போகவில்லை. அவர் யோசித்துக்கொண்டுதான் நின்றார். முன்கட்டுக்குத் திரும்பி, அக்காவிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டு குடும்பமும் தனித்தனியாவா இருக்கீக?"

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். யாரோ ஒரு வெளி ஆள், துக்கம் நடக்கிற முடுக்கில், பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் நின்றுகொண்டு, உங்கள் குடும்பம் பிரிந்துவிட்டதா என்று கேட்கிறான். எங்கள் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பொம்பளையும் அதற்கு ஒரே பதில்தான் சொல்வாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, "ரெண்டு வாய் சாப்பிடுறீகளா?" என்றும் கேட்டாள்.

அவர் சாப்பிடவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தடவை தாலுகா ஆபீசுக்குப் போனபோது, அதிசயமாக ஆளும் இருந்தார், ஃபைலும் இருந்தது. கூட்டுக் குடும்பம், தனிக் கார்டு கிடையாது என்று கிளார்க் படித்துக் காட்டினார். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஒண்ணா இருக்கோம்னு சொன்னவங்களே வந்து ஆபீசர் முன்னாடி மாத்திச் சொன்னா உண்டும்மா. அதுவும் ஒரே தடவைதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் போய்ச் சொல்லிவிட்டாள். அன்று சாயந்திரம் அக்கா பின்கட்டுக்கு வந்தாள். அடுப்பு பிரிந்த பிறகு அவள் பின்கட்டுக்கு வந்ததே அதுதான் முதல்.

"அவன் கேக்கவும் வாயில வந்துருச்சுடி. கார்டுக்குக் கேக்குறான்னு எனக்குப் புத்தியில ஓடல."

"பரவால்லக்கா. என் தலையெழுத்து."

"தலையெழுத்து என்ன தலையெழுத்து. கெடுத்தது நான்தான? நானே வந்து சொல்லுறேன்."

எங்கள் பேர் போனால் அவள் கார்டில் அரிசி குறையும். தெரிந்துதான் வந்தாள். காப்பி போடட்டுமா என்று கேட்டேன். வேணாம் என்று போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறிப் போனோம், நாங்கள் ஒன்றாக இல்லை என்று சொல்வதற்கு. போகும்போது அக்கா, "என்னத்தடி சொல்லணும்?" என்று இரண்டு தடவை கேட்டாள். "தனியாச் சமைக்கிறோம், ஒட்டு உறவு இல்லைன்னு சொல்லுங்கக்கா, போதும்," என்றேன். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆபீசர் வயதானவர். மேஜைக்குப் பக்கத்தில் எங்கள் கிளார்க் எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட ஒண்ணா இருக்கோம்னு சொல்லியிருக்கீங்களே?"

"அவுக வெளி ஆளு. அதான் அப்படிச் சொன்னேன்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க கவர்மெண்டு," என்றாள் அக்கா. கிளார்க் சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்கவில்லை.

"கார்டுக்காக எல்லாரும் இப்படி வந்து நிக்கிறீங்க. வரும்போதும் சேர்ந்து வர்றீங்க, போகும்போதும் சேர்ந்து போறீங்க. ஒட்டு உறவு இல்லைன்னா நான் எப்படி நம்புறது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று போல என்று நினைத்தேன். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள்.

"அடுப்பு ரெண்டானது போன வருசம்தான் சார். எனக்கு அதுக்கு முந்தியே ரெண்டாயிருச்சு. என் மாமியா இருக்கையிலயே. எனக்கு நாலாவதா ஒரு ஆம்பளப் பிள்ள பெறந்து, பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. முன்கட்டுல போட்டுக்கிட்டு அழுதேன். ஊரே வந்துச்சு. இவ பின்கட்டுலதான் இருந்தா. நடுவுல ஒரு செவுருதான். நான் கத்துனது இவளுக்குக் கேக்காம இருக்காது. எடுத்துட்டுப் போற வரைக்கும் இவ எட்டிப் பாக்கல. அதுக்கப்புறமும் என்னக்கான்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்புறம் இவ கையால சோறு வாங்கித் தின்னேன், இவ பிள்ளையத் தூக்கி வளத்தேன், எல்லாம் செஞ்சேன். ஆனா ஒட்டு இல்ல சார். அன்னைக்கே போயிருச்சு."

பிள்ளை போனது நிஜம், என்மேல் இருந்த வருத்தத்தை மட்டும் எனக்காக இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்த கேக்கல என்றபோது அவள் குரல் போன போக்கில், அதுவும் நிஜம் என்று எனக்கு விளங்கிவிட்டது. கிளார்க் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவங்க சொல்றது உண்மையாம்மா?"

அந்தப் பிள்ளை இறந்த அன்றைக்கு நான் முன்கட்டுக்குப் போகத்தான் எழுந்தேன். மாமியார் கதவை மறித்து நின்றார். எனக்கு அப்போது நாள் தள்ளியிருந்தது. அது அவருக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். "உண்டாயிருக்கிறவ பச்சப்பிள்ளப் பொணத்தப் பாக்கக் கூடாது. அவகிட்ட இப்பச் சொல்லவும் சொல்லாத, பெத்த வயிறு எரியும்," என்றார். அந்தச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நானும் அழுதேன். அடுத்த மாதமே எனக்கும் அது தங்கவில்லை. மாமியார்தான் எல்லாம் பார்த்தார். வெளியில் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை. பிறகு அவரும் போய்விட்டார். நான் வராததைத் தீட்டு, சாஸ்திரம் என்று அக்கா எப்படியோ புரிந்துகொண்டிருப்பாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இல்லக்கா, அப்படியில்லக்கா என்று அந்த மேஜைக்கு முன்னாலேயே அவள் கையைப் பிடித்திருப்பேன். பிடித்திருந்தால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். ஆபீசர் அதைப் பார்த்து, கூட்டுக் குடும்பம் என்று எழுதியிருப்பார். இதுக்கப்புறம் சோறாம்மா என்று சின்னவன் கேட்டது காதில் கேட்டது.

"ஆமா சார்," என்றேன். "உண்மைதான்."

கையெழுத்துப் போட்டேன். அக்கா கைநாட்டு வைத்தாள். கார்டு கொடுக்கச் சொல்லி ஆபீசர் அங்கேயே உத்தரவு எழுதிவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அக்கா விரல் மையை முந்தானையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் எழுதிய உத்தரவு செல்லாமல் போய்விடுமோ என்று ஒரு முட்டாள் பயமும் கூடவே வந்தது. கார்டு கைக்கு வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கார்டு கைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆனது. அதற்குள் அந்தப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் போயிற்று. இப்போது அக்காவும் இல்லை.

அன்றைக்குப் பழங்காநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சரியாச் சொன்னேனாடி?"

"சரியாச் சொன்னீகக்கா," என்றேன்.